பாஸ்காவைவிடக் கூத்து மேல்

திண்டிவனம் பஸ்ஸுக்கு நேரமாகியும், குறட்டை விடும் புருஷனுக்குக் காகிதம் கிழிய அழுத்தி எழுதினாள் பிலோமினா:

"டயானா அப்பா, சோறு மூடி வெச்சிருக்கேன். ஆஸ்பத்திரிக்குப் போறேன். நேத்து பாஸ்கா நாடகத்துல ஏசுவா நின்ன எங்கண்ணனை, சேவகன் வேஷத்துல சாட்டையால நெசமாவே அடிச்சுக் கிழிச்சீங்களே, முதுகுல ஏழு தையல். ஊரே கைதட்டுச்சு. அந்தப் பாட்டும் லைட்டும் எனக்குக் குப்பை. நீங்க மட்டம்னு சிரிச்சிக்கினு திரியுற கூத்துதான் ஒசத்தி. அங்க துச்சாதனன் வேஷம் கட்டறவன் சேலையைத் தொடறதுக்கு முன்னயே கற்பூரம் ஏத்தி மன்னிப்பு கேக்கறான். நீங்க அடிச்சப்புறமாவது வந்து கேளுங்க. வண்டிச் சாவி மாடத்துல இருக்கு."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் நுணுக்கி எழுதினாள்:

"சாட்டையைத் தேடாதீங்க. நீங்க குளிக்க வெந்நீர் அது எரியற தீயிலதான் காய்ஞ்சிக்கினு இருக்கு."