நம் ஜீப் ஏன் கொதித்தது

இஞ்சேருங்கோ,

நாற்பத்தாறு வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்திலும் வேறு சொல் வரவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் வழமைபோலச் சிரிக்காமல் வாசியுங்கோ.

முதலில் உங்கள் ஜீப்பின் செய்தி. நீங்கள் போன இந்த இரண்டு வருடத்தில் அதற்கும் வயது ஏறிவிட்டது. ஓட்டாமலே நின்றதில் நாலு சக்கரத்தையும் சேர்க்கிற அந்தச் சின்னக் கியர் இறுகிவிட்டது. பின்கதவு மழைத்தண்ணீரைக் குடிக்கிறது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். போன மாதம் மகன் சேந்தன் என்னை நுகேகொடைக்குக் கூட்டிப் போகும் வழியில், சூட்டு முள் சிவப்புக்குப் போய், முன்னால் ஆவி பறந்தது.

தண்ணீர்ப் பம்பை மாற்றினான். சூடு குறையவில்லை. ஒருவன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தான், இந்த ஊர் வெயிலுக்கு அது தேவையில்லையாம். அதற்குப் பிறகும் கொதித்தது. கடைசியாகப் பார்த்த மெக்கானிக், "அம்மே, மேக தென் இவரய்," என்று சிங்களத்தில் சொல்லிக் கையை விரித்தான். முடிந்துவிட்டதாம்.

"அம்மா, உது பழைய இரும்பு. கழட்டி வித்துப்போடுவம்," என்றான் சேந்தன்.

"உன்ர கொப்பர் இருந்து இருந்து அந்தச் சீற்றில விழுந்த பள்ளம் இன்னும் போகேல்லை. அதையும் சேத்து விக்கப் போறியோ?"

அவன் போய் ஜீப்பின் கதவைச் சாத்திவிட்டு வந்தான். பிறகு மெதுவாக, "அப்ப தெமட்டகொடைக்குத்தான் கொண்டுபோக வேணும். அந்த எஞ்சினைத் தெரிஞ்ச ஆள் கராஜ் நிஸாம் நானா ஒராள்தான்," என்றான்.

அந்தப் பெயரை நம் வீட்டில் பதின்மூன்று வருடம் யாரும் சொன்னதில்லை. நான் சொல்ல விட்டதில்லை.

என் மறதி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அப்படி ஒன்று எனக்கு இல்லை. என் கூறைச் சேலையை உங்கள் அக்கா இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தது கூட இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்படியிருக்க, என் அம்மாவின் செத்தவீட்டன்று நடந்ததை மறப்பேனா? ஜீப் நிஸாமிடமிருந்து திரும்பி வந்து இரண்டு நாள்தான். ரேடியேற்றரைத் திறந்து பூட்டியது அவர். விடியக் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து வெளிக்கிட்டோம். புளியங்குளத்துக்குக் கிட்டக் கொதித்து நின்றது. நாங்கள் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, வாசல் படலையோடு நிற்கிறவர்கள். நானும் படலையில் நின்றேன். ஒரு மணித்தியாலத்தால் அம்மாவின் முகம் எனக்கு இல்லாமல் போனது.

திரும்பி வந்து அந்த மனுசனின் கராஜிலேயே, வேலையாட்களுக்கு முன்னால், "என்ர தாயின்ர முகத்தைப் பறிச்சவன் நீ," என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நீங்கள் கையிலிருந்த ஜீப் திறப்பைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர் அனுப்பிய இனிப்பான வட்டிலப்பத்தை வாசலிலேயே திருப்பி விட்டேன். உங்கள் செத்தவீட்டுக்கு வந்து கேற்றடியில் நின்றவருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சேந்தன் அந்தப் பெயரைச் சொன்ன மறுநாள் காலை சேலையை உடுத்திக்கொண்டு போய் ஜீப்பில் ஏறியிருந்தேன்.

நிஸாமின் தாடி வெளுத்துப்போயிருந்தது. "வாங்க அக்கா, இருங்க," என்றார். நான் இருக்கவில்லை. அவர் எஞ்சினை ஓடவிட்டு, பழைய பேப்பர் ஒன்றை விரித்து ஜீப்பின் முகத்தில் வைத்துக் கையை எடுத்தார். பேப்பர் கீழே விழுந்தது.

"பாத்தீங்களா? நல்லா காத்து இழுத்தா ஒட்டிக்கிட்டு நிக்கணும். மூச்சு அடைச்சி ஈக்கிது."

ரேடியேற்றரைக் கழற்றினார். அதற்கும் முன்னால் நிற்கும் ஏசி வலைக்கும் நடுவில், மெத்தைக்குப் பஞ்சு அடைத்தது போல, புழுதி, சருகு, செத்த தும்பி. வருடக்கணக்காக ஒருவரும் பார்க்காத இடம். விரலால் தோண்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று எதையோ பொத்திக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார்.

"என்ன அது?"

"ஒண்டுமில்ல அக்கா, குப்ப."

"குப்பையை ஆரும் பொக்கற்றுக்குள்ள வைக்கிறேல்லை. எடுங்கோ வெளியில."

கம்பித் துண்டு ஒன்றில் சுற்றிய ஊதா நாடா. வெள்ளி எழுத்தில் "அம்மா" என்பதில் பாதி.

அது அன்று அம்மாவுக்கென்று நான் கொட்டாஞ்சேனையில் சொல்லிச் செய்வித்த மலர்வளையத்தின் நாடா. பின்னால் வைத்தால் பூ நசியும் என்று, முன்கம்பியில் நிமிர்த்திக் கட்டச் சொன்னது நான். காற்றில் வாடும் என்று பொலித்தீனால் இறுக்கிச் சுற்றச் சொன்னதும் நான். நீங்கள் இரண்டு தரம் வேண்டாம் என்றீர்கள். "அம்மாவுக்கு ஒரு பூக்கூட ஒழுங்காக் கொண்டுபோக விடமாட்டீங்களோ?" என்று கத்தினேன். புளியங்குளம் வரைக்கும் ஜீப்பின் மூக்கை நான்தான் பொத்தி வைத்திருந்தேன். அது கொதித்து நின்றபோது நீங்கள் வளையத்தை அவிழ்த்துக் கூரையில் கட்டியதும், அதற்குப் பிறகு முள் இறங்கியதும் எனக்கு நினைவிருக்கிறது. எல்லாம் நினைவிருந்தது. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமோ?" என்று நிஸாமைக் கேட்டேன்.

"சேர் அடுத்த நாளே வந்து உண்மையச் செல்லிட்டார், அக்கா. தாய்ட முகத்தப் பாக்காமப் போனது தன்னாலதான் எண்டு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா, நீ ஏச்சு வாங்கிக்கோ எண்டார். எனக்கென்ன, நான் ஏச்சு வாங்கிப் பழகின ஆள்."

அப்போதுதான் நான் இருந்தேன், அங்கே கிடந்த பழைய டயரின் மேல்.

பதினொரு வருடம், இஞ்சேருங்கோ. ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, நான் அந்த மனுசனைத் திட்டும்போதெல்லாம் எப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள்? ஒரு நாளாவது தொண்டை வரைக்கும் வரவில்லையா?

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். டாஷ்போட் லாச்சிக்குள் நம் வீட்டுக் கரண்டி ஒன்று. வேலைக்கு வந்த பிள்ளை எடுத்துவிட்டாள் என்று நான் சந்தேகப்பட்ட கரண்டி. நான் திருப்பி விட்ட வட்டிலப்பத்தை நீங்கள் தெருமுனையில் ஜீப்பை நிறுத்தி வாங்கிச் சாப்பிட்டீர்களாம். நிஸாம் சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தப் பிள்ளையையும் தேடிப் போக வேண்டும்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, பழக்கமில்லாத சொல். "வாற பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்புங்கோ. வாசலுக்கு நானே வாறன்," என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஜீப்பைப் பார்த்தேன்.

இப்போது கொதிப்பதில்லை. விற்கிற கதையும் இல்லை. உங்கள் ஆண்டுத் துவசத்துக்கு அதிலேயே கீரிமலைத் தீர்த்தக்கரைக்கு வருகிறோம். சேந்தன் ஓட்டுவான். முன்கம்பியில் ஒன்றும் கட்டமாட்டேன். நசிந்தாலும் வாடினாலும், வழி முழுக்கப் பூவை என் மடியில் வைத்துக்கொண்டு வருவேன்.

உங்கள் மனுசி,
சேந்தனின் தாய்