நடுங்காத கோடு

என் ராசா, என் வீட்டுக்காரரே,

என்னங்க, நீங்கள் இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பீர்கள். ஐம்பத்து நாலு வயதில் உங்கள் பெண்டாட்டி கலர் பென்சில் பிடித்துப் படம் வரைகிறாள்.

பால் எடுக்க ரப்பர் மரம் சீவிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து என்னை விட்டுப் போனீர்களே, அன்றிலிருந்து எனக்கும் நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிட்டது. ரப்பர் காட்டில் கால் வைத்தாலே மூச்சு முட்டும், கை நடுங்கும். கத்தி ஆழமாய் இறங்கி மரமெல்லாம் காயம். நீங்கள் விழுந்து கிடந்த மரத்தைத் தாண்டி அப்பால் போகவே மாட்டேன்.

நம்மை வேலை வாங்கும் மண்டோர் பொறுத்துப் பார்த்தார். "அக்கா, இப்படியே போனா உங்க மர நிரைய வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்க லா," என்றார். முப்பது வருஷம் நாம் சேர்ந்து சீவிய நிரை. அதுவும் போனால் எனக்கு என்ன இருக்கிறது?

மம்பாவில் இருக்கும் நம் மகள்தான் சிரம்பான் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். மாத்திரையோடு, படபடப்பு அடங்க வாரம் ஒருநாள் படம் வரையவும் வரச் சொன்னார்கள். அங்கே வரைய வைக்கும் ஒரு சின்னப் பெண் காகிதத்தை நீட்டி, "படபடப்பு எப்படி இருக்குன்னு வரைங்க ஆண்டி," என்றாள்.

"எனக்குப் பூனைகூட வரையத் தெரியாதும்மா."

"அழகா வேணாம் ஆண்டி. கை போற போக்குல விடுங்க."

கை போனது. இடமிருந்து வலமாக, கீழே சாய்ந்து ஒரு கோடு. அதற்கடியில் இன்னொன்று. மரத்தில் போடும் அதே வெட்டு! பக்கம் நிறையப் போட்டிருக்கிறேன். "ஆண்டி, உங்க கையப் பாருங்க," என்றாள் அந்தப் பெண். நடுக்கம் இல்லை. மூச்சும் கோட்டோடு கோடாக அடங்கியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை நாள் இது இந்தக் கைக்குள் எங்கே இருந்தது? யார் வைத்தார்கள்?

ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. பயத்துக்குக் கறுப்பு பூசிப் பூசியே மூன்று பென்சில் தீர்ந்தது. போன வாரம்தான் நீங்கள் விழுந்த மரத்தை வரைந்தேன், பக்கத்தில் உங்களையும். மூக்கு சரியாக வரவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அழுதேன். ஆனால் மூச்சு முட்டவில்லை.

இன்று காலை அந்த மரத்தின் முன்னால் நின்றேன். படபடப்பு வந்தது. வரட்டும் என்று காற்றிலேயே விரலால் நாலு கோடு போட்டேன். பிறகு கத்தியை வைத்தேன். பட்டை மெல்லிசாக உரிந்தது. பால் இறங்கி மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சொட்டியதை, இதுவரை பால்மரமே பார்க்காதவள் மாதிரி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

மண்டோர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். வெட்டைத் தடவிப் பார்த்தார். "நாளைக்கும் இதே நிரைதானே அக்கா?" என்றார்.

ஆமாங்க, இதே நிரைதான். அந்த மரத்துக்கு அப்பால், அன்று நீங்கள் சீவாமல் விட்டுப்போன மரங்களை நாளைக்கு நான் சீவுவேன்.

உங்கள் மனைவி,
சரோஜா