குசினிக் குழாய்

பெப்ரவரி 8, சனி

இன்றும் வெள்ளவத்தைக் கால்வாய்க்குப் போனேன். கம்பஸ் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தண்ணீரைச் சோதித்து, கரையில் நாணல் நடுகிறார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட என்னையும், முன்பு என்னோடு படித்த றஷ்மிதான் அவர்களோடு சேர்த்துவிட்டாள். நான் கதைப்பதில்லை. வாளி தூக்குகிறேன்.

எங்கள் வீடிருக்கும் ஒழுங்கைக்கு நேரே மட்டும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சில செத்து மிதந்தன. கற்களில் வெள்ளையாகக் கொழுப்பு. குழுவை நடத்தும் தயாபரன் அண்ணா அதைச் சுரண்டி மணந்து பார்த்தார். "பொரிச்ச எண்ணெய். ஆரோ குசினியால விடுகினம்."

எனக்கு அந்த மணம் தெரியும். எங்கள் சமையலறையிலும் என் சட்டையிலும் அதுதான்.

பெப்ரவரி 12, புதன்

வருகிற சனி வீடு வீடாகப் போய் சிங்கில் பச்சைச் சாயம் ஊற்றுவார்களாம். எந்த வீட்டில் ஊற்றும்போது கால்வாயில் பச்சை வருகிறதோ, அந்த வீட்டை மாநகர சபைக்கு அறிவிப்பார்களாம். கரையில் நின்று குழாய்களைப் பார்த்துக் கத்திச் சொல்ல வேண்டியது நான்.

நானா?

பெப்ரவரி 14, வெள்ளி

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கடைக்குக் கொடுக்கும் ரோல்ஸைப் பொரித்துக்கொண்டே கேட்டார்.

"குசினி சிங்க் அடைச்சுக் கிடக்கெண்டு சொல்லி, வாற பிள்ளையளை பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போறன். அது வேற பைப். நீ வாயைத் திறக்காத. அது உனக்குப் பழக்கம்தானே."

ரோல்ஸ் இல்லாவிட்டால் வாடகை இல்லை. தெரியும். மீன் செத்தால் எங்களுக்கென்ன — அப்படியென்றால் ஏன் நித்திரை வரவில்லை?

பெப்ரவரி 15, சனி



எங்கள் வீட்டுக்குள் றஷ்மிதான் போனாள். நான் எங்கள் மதிலுக்குக் கீழே இருக்கும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உங்கட வீடு ஓகே, பிறிஜெற்" என்று சிரித்தாள். என்னை நம்பிய சிரிப்பு. அடுத்த வீட்டுக்குப் போகத் திரும்பினாள்.

காலடியில் ஒரு மீன் சரிந்து கிடந்து செவுளை அடித்துக்கொண்டிருந்தது.

"குசினியில ஊத்துங்கோ!"

என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. அக்கரையில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். குசினி ஜன்னலில் அம்மாவின் முகம். பிறகு அது இல்லை.

றஷ்மி திரும்ப உள்ளே போனாள். எங்கள் குழாயில் பச்சை வந்தது. கொழுப்பைத் தள்ளிக்கொண்டு வந்தது.

பெப்ரவரி 19, புதன்

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்துபோனார். கொழுப்பைப் பிடிக்கும் தொட்டி கட்டும்வரை பொரிக்கக் கூடாதாம்.

"இப்ப சந்தோசமோ?" என்றார் அம்மா. அதற்குப் பிறகு என்னோடு கதை இல்லை.

பெப்ரவரி 24, திங்கள்

அடுப்பு குளிர்ந்து கிடக்கிறது. வீட்டுக்காரர் வாடகை கேட்டு வந்தார்.

மார்ச் 1, சனி

தயாபரன் அண்ணாவும் பிள்ளைகளும் வந்து குசினிக்குப் பின்னால் தொட்டியைக் கட்டினார்கள். பழைய எண்ணெயை மூடியுள்ள பிளாஸ்டிக் கானில் சேர்த்துத் தந்தால் தாங்களே எடுப்பதாகச் சொன்னார்கள். அம்மா வெளியே வரவில்லை. தேத்தண்ணி நான்தான் கொடுத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

அம்மா அடுப்பை மூட்டினார். நான் ரோல்ஸ் சுற்றினேன்.

பொரித்து முடிந்து எண்ணெய் ஆறியதும், சட்டியைத் தூக்கிக்கொண்டு பழக்கத்தில் சிங்க் பக்கம் திரும்பினார். நின்றார். பிறகு கானில் வடித்து, மூடியை என் பக்கம் தள்ளினார்.

"இறுக்கி மூடு. நாளைக்குக் கால்வாய்க்குப் போகேக்க கொண்டு போ."