தாலாட்டு என்று நான் சொன்ன பாட்டு

1933 ஆடி, வெள்ளிக்கிழமை, இலங்கை ரப்பர் தோட்டம்

கோபம் இன்னும் தணியவில்லை. போன மாதம் கூலிகளை மேய்க்கும் பெரிய கங்காணி எட்டி உதைத்ததில், பால் வெட்டும் முத்தாயிக்கு ஏழாம் மாதத்திலேயே பிள்ளை செத்துப் பிறந்தது. அவள் நாத்தனார் ராமாயி அதைப் பாட்டாகக் கட்டிவிட்டாள். இன்று ரப்பர் பால் வாளிகளோடு, பால் அளக்கும் ஸ்டோருக்கு வந்த பெண்கள் எல்லோரும் அதைச் சேர்ந்து பாடினார்கள்.

"என்ன பாட்டு, கிளாக்கர்?" என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, கணக்கு எழுதும் என்னைக் கேட்டார். பக்கத்திலேயே கங்காணி நின்றான்.

"தாலாட்டு, துரை" என்றேன். அவர்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பு எனக்கு!

ராமாயி என் மூஞ்சிக்கு நேரே வந்தாள். "துரைக்குத் தெரியணும்னுதானே பாடுறோம் கிளாக்கரய்யா. நீங்க யாருக்காகப் பொய் சொல்றீங்க?"

துரைக்குப் பாட்டுத் தமிழ் பிடிபடாது, சிங்களம் நன்றாகப் புரியும். அவள் அதே பாட்டைச் சிங்களத்தில் பாடினாள். பால் வெட்ட வரும் சிங்களப் பெண்களும் பாலை அளக்கக் கொடுக்காமல் வாளியைக் கீழே வைத்துவிட்டார்கள். வாளிகளில் பால் உறைந்து கட்டத் தொடங்கியதும் துரை நஷ்டத்துக்குப் பயந்து கங்காணியை வெளியே போகச் சொன்னார்.

வெளியே என்றால் ஸ்டோரை விட்டு மட்டும். நாளைக்கு அந்தப் பாவி மறுபடியும் ரப்பர் மலையில் வேலை வாங்க நிற்பான்.

அவன் உதைத்ததை ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவன் நான். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.