மில்காரர் மகளுக்குச் சம்மதம்

சான் வீத்தோ கிராமம், வெனேத்தோ
ஜனவரி 1867

அன்பு மகன் தத்தேயோவுக்கு, அம்மா ஒர்சோலா ஆசீர்வதித்து எழுதுவது. நான் நலம். நேப்பிள்ஸ் பட்டாளத்தில் நீயும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. சோளம் சுமார்தான். ஆஸ்திரியர்கள் தொலைந்தார்கள், நாமும் இத்தாலியோடு சேர்ந்தாயிற்று. உப்பு வரி மட்டும் எங்கேயும் போகவில்லை.

மாவு மில்காரர் பிரேசானின் மகள் எலீசாவைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்டிருந்தாய். பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. உட்கார்ந்து படி.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் அப்பா இத்தாலியின் மூவர்ணக் கொடியை மாவு பிசையும் தொட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். ஆஸ்திரியச் சிப்பாய்கள் வேறெங்கும் தேடவில்லை. நேரே தொட்டிக்கே வந்தார்கள். அவரைக் கோயில் மதிலோரம் நிறுத்திச் சுட்டார்கள். காட்டிக் கொடுத்தவன் யாரென்று தெரியாமல் இத்தனை வருஷம் வெந்தேன். ஆஸ்திரியர்களின் காவல் நிலையத்தில் சமையல் செய்த பெப்பா, அவர்கள் ஊரைவிட்டுப் போன பிறகுதான் வாயைத் திறந்தாள். "அக்கா, இனி எனக்கென்ன பயம்? பொர்த்தோலோ அண்ணனைப் பிடிச்ச அன்னிக்குப் பின்வாசல் வழியா வந்தது மில்காரர்தான். சொல்றதைச் சொல்லிட்டு, ஒரு கிளாஸ் ஒயினும் குடிச்சிட்டுப் போனாரு" என்றாள்.

அந்த ஆள்தான் இன்று ஊர்த்தலைவர். இத்தாலியோடு சேர ஓட்டுப் போட்ட அன்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஊரையே 'ஆம்' போடச் சொன்னார். உன் அப்பா உயிரைக் கொடுத்த கொடி, பதவிப் பட்டையாக அவர் தொப்பையைச் சுற்றிக் கிடக்கிறது.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்குக் கொளுத்தும் வைக்கோல் கிழவிப் பொம்மையைத் தைப்பது இந்த வருஷம் என் முறை. கிழவிக்கு மில் ஏப்ரன் கட்டினேன். முகத்தில் மாவு அப்பி, அவருடையது போலவே மீசையும் வைத்தேன். தீ வைப்பது ஊர்த்தலைவர் அல்லவா? பந்தத்தை நானே அவர் கையில் கொடுத்தேன். பெப்பா அதற்குள் ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். "பத்த வைங்க தலைவரே, இன்னும் என்ன யோசனை?" என்று கூட்டத்திலிருந்து கத்தினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. தன் உருவத்தைத் தானே கொளுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் வாசலில் வந்து நின்றார். "ஒர்சோலாம்மா, நான் செஞ்சதுக்கு எம் பொண்ணு என்ன பண்ணுவா?" என்றார். "எம் புள்ள தொட்டில்ல கெடந்தானே, அவன் என்ன பண்ணுனான்?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினேன்.

நீ கத்தியைத் தொடாதே. செத்தவனுக்கு ஒருநாள் வலி, அதோடு சரி. கல்யாணம் வேண்டாமென்று சொன்னாலும் அவர் வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார். அந்த நிம்மதியை நான் கொடுக்க மாட்டேன்.

எலீசா நல்ல பெண். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. கட்டிக்கொள், மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன். தலைப்பிள்ளை ஆணாகப் பிறக்க மாதா அருள் புரியட்டும். நம் வழக்கப்படி அவனுக்கு உன் அப்பா பெயரையே வை. பேரன் மேல் அந்த மனிதருக்குக் கொள்ளை ஆசை வரட்டும், நூறு வயது வாழட்டும். "பொர்த்தோலோ, தாத்தாகிட்ட வாடா" என்று தினமும் தன் வாயாலேயே கூப்பிடட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா