ஏழு வண்டி மல்லாட்டை

என் அருமை அக்கா,

ஆடியில் நீ கண்ணை மூடினாய். அப்போது விதைத்த மல்லாட்டையை இப்போது செடியோடு பிடுங்கிக் கடலை ஆய்கிறார்கள். உன் இடத்துக்கு இன்னும் யாரையும் போடவில்லை. திண்டிவனத்திலிருந்து தனியாகத்தான் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் வருகிறேன். உன் மூன்றாம் வகுப்பையும் என் நான்காம் வகுப்பையும் ஒரே கூடத்தில் வைத்துக்கொண்டு நான் படும் பாட்டை யாரிடம் சொல்ல?

விழுப்புரத்தில் டிரெயினிங் படித்தபோது இருவருக்கும் பாடம் ஒன்றுதான். நீ பிள்ளைகளை மல்லாட்டைக் கொல்லைக்கு அழைத்துப்போய், அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டாய். நான் பிரம்பைத் தட்டி வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தேன். “உன் பிள்ளைங்க கிளிப்பிள்ளைங்கடி” என்பாய். “உன் வகுப்பு சந்தைக்கடை” என்பேன்.

இப்போது நான் வாய்ப்பாட்டை ஆரம்பித்தால் உன் பிள்ளைகள் “ஏன் டீச்சர்?” என்கிறார்கள். சரி, நீங்களே சொல்லுங்கள் என்று விட்டால் என் பிள்ளைகள் என் வாயையே பார்க்கிறார்கள். முருகேசன் பதினாறாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் சொல்வான். வண்டிக்குப் பதினாறு மூட்டை, ஏழு வண்டிக்கு எத்தனை என்று கேட்டால், “எந்த வாய்ப்பாடு டீச்சர்?” என்கிறான். சிரிக்காதே அக்கா. எனக்கு அழுகை வருகிறது.

நேற்று உன் செல்லம் அஞ்சலையை அவள் அப்பா கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

“மூணு வருசமா இன்னா படிச்சிக்கினு இருக்குது இது? பதினாறாம் வாய்ப்பாடு கேட்டா முழிக்குது. நிறுத்திடறேன் டீச்சரம்மா. மல்லாட்டை ஆயவாவது ஆளாவும்.”

அவளுக்குக் கணக்கு வரும் என்று காட்ட அதே ஏழு வண்டிக் கணக்கைக் கொடுத்தேன். தரையில் கோடு கிழித்தாள். பத்து பத்தாக ஒரு பக்கம், ஆறு ஆறாக ஒரு பக்கம். “நூத்திப் பன்னண்டு” என்றாள். உன்னையே பார்த்தது போல இருந்தது எனக்கு.

அவர் சிரித்துவிட்டார். “இத்த நானே களத்துல சொல்லிக் குடுப்பேனே. இதுக்கு இஸ்கூலு எதுக்குங்க?”

உன் வழியில் தேறியவளை என் வழியில் தேறவில்லை என்று நிறுத்துகிறார். என் வழியில் தேறியவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. “ஒரு வருசம் பாருங்க” என்று கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை.

வாசற்படியில் அஞ்சலை திரும்பிப் பார்த்தாள்.

“என்னிய யாருமே கேக்கலியே டீச்சர்.”

அக்கா, அவள் சொன்னது நிஜம். அவளை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் வாதாடினோமே தவிர, அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீ இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பாய்.

நாளை அவர்கள் கொல்லைக்குப் போகிறேன். அவளைக் கேட்கிறேன், அவள் அப்பா எதிரிலேயே. இது உனக்கு நான் தரும் வாக்கு. வரமாட்டேன் என்று அவள் சொன்னால் திரும்பிவிடுவேன். “வர்றேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டால், உன் வழியா என் வழியா, நான் என்ன செய்வேன், அக்கா?

உன் கூடப்பிறந்தவள்,
சரசு