ஆயா சொன்னால் யார் கேட்பார்கள்

மருத்துவமனைத் தாழ்வாரத்தைப் பினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை உன் சேலையின் வாடை. பரம்பரை நோய்க்கு ஆலோசனை சொல்லும் அறைக்கு வெளியே, என் தம்பி பேத்தியோடு உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு முன்னால் உள்ளே போன தோட்டத்துப் பெண் அழுதுகொண்டே வெளியே வந்தாள். "எல்லாம் என்னாலதானாம்" என்றாள். உள்ளே ஆலோசனை சொன்னவள் நல்ல பெண்; பிறகு எங்களிடமும் ஆங்கிலமும் மலாயும் பொறுமையாகப் பேசினாள். அப்படி ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கமாட்டாள். இவளுக்கு அப்படித்தான் விளங்கியிருக்கிறது.

"தமிழ்ல எடுத்துச் சொல்ல யாரும் இல்லியா?" என்று கேட்டேன்.

"இந்தப் படிப்புக்கு நம்ம ஆளுங்க ரொம்பக் கம்மி லா, பாட்டி" என்றாள் பேத்தி.

உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. எங்கே அனுப்புவது என்று தெரியாமலே எழுதுகிறேன்.

கோல சிலாங்கூர்ப் பக்கம் நம் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி, காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து வெள்ளைக்காரன் முள்கம்பி போட்டிருந்த அவசரகாலம் அது. நான் அத்தை மகனைக் கட்டியவள். முதல் பிள்ளை தலை நிற்காமலே எட்டாம் மாதத்தில் போய்விட்டது. இரண்டாவதும் துணி மாதிரி என் தோளில் கிடந்தது. மாதம் ஒருமுறை போலீஸ் வண்டி முன்னே வர, வெள்ளைக்கார டாக்டர் வருவார். அவர் பேசியதைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தமிழில் சொன்னார்: "ஒன் ரத்தம் கெட்ட ரத்தமாம். இனிமே பெத்துக்காத." என் வீட்டுக்காரரும் அத்தையும் பக்கத்தில்தான் நின்றார்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் நீ ஆயா. தரை துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாய். சின்ன வயதில் துரை வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள் நீ. ஆங்கிலம் உனக்கு விளங்கும். அன்று சாயங்காலமே எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தாய்.

"கிராணி மாத்திச் சொல்லிட்டாரு. டாக்டர் ரெண்டு பேரையும்தான் சொன்னாரு. இவகிட்ட பாதி, உங்ககிட்ட பாதி இருக்கு அண்ணே. ரெண்டும் ஒண்ணா சேந்தாதான் சீக்கு. நாலுல ஒரு தடவ அப்படிச் சேரலாம். யாரு மேலயும் குத்தமில்ல."

அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "தர தொடைக்கிறவ டாக்டருக்கு வியாக்கியானம் சொல்றா." என் வீட்டுக்காரர் தலை குனிந்தபடி, "கிராணி படிச்சவரு" என்றார். அவ்வளவுதான். மறுநாள் நான் பிள்ளையோடு பக்கத்து டிவிஷனில் அம்மா வீட்டில் இருந்தேன்.

நீ சும்மா இருக்கவில்லை. அடுத்த மாதம் டாக்டரிடமே போய், நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்லும் வேலைக்கு உன்னைப் பழக்கச் சொல்லிக் கேட்டாய். அவர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். ஆங்கிலப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும், தோட்டப் பள்ளி ஆறாம் வகுப்பு போதாது என்று பதில் வந்தது. திரும்ப எழுதச் சொன்னாய். அதே பதில். "நோவு யாரு வீட்டுக்கு வருதோ, அந்த வீட்டுப் பொண்ணு அத எடுத்துச் சொல்லக் கூடாதாடி?" என்று என்னிடம் கேட்டாய்.

அம்மா வீட்டில் பால் மாவு கிடையாது. கேட்டைத் தாண்டி உணவு கொண்டுபோனால் காட்டுக்காரர்களுக்கு என்று பிடித்துவிடுவார்கள். அது தெரிந்தும் நீ ஒரு டின்னைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாய். நான் பிள்ளையோடு கேட்டுக்கு வெளியே காத்திருந்தேன். சோதனை போட்டவள் டின்னை எடுத்து மேசைமேல் வைத்தாள். யாருக்கு இது என்று போலீஸ்காரன் மலாயில் கேட்டான். நீ என்னை ஒருதரம் பார்த்தாய். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். என் பெயரைச் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. பத்தடி தூரம்கூட இல்லை. என்னையும் பிடித்துவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது என்று நினைத்தேன். இப்படித்தான் இத்தனை வருடமும் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அந்த நேரம் நான் ஒன்றுமே நினைக்கவில்லை, பயந்தேன்.

உன்னை லோரியில் ஏற்றினார்கள். சில மாதம் கழித்து, கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர்? நீ பிறந்தது இந்தத் தோட்டத்து லயத்தில். கடலுக்கு அந்தப் பக்கம் உனக்கு யாரைத் தெரியும்?

உன் கடிதம் வரவே இல்லை. பிள்ளை தைப்பூசத்துக்கு முன்னால் போய்விட்டது. என் வீட்டுக்காரர் சொந்தத்துக்கு வெளியே வேறொருத்தியைக் கட்டினார். அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் ஓடி விளையாடின. "பாத்தியா, யாரு ரத்தம்னு" என்றாள் அத்தை. அது ஏன் அப்படி என்று நீ இருந்திருந்தால் விளக்கியிருப்பாய். அவரிடம் இருந்த பாதிக்கு அவளிடம் சோடி இல்லை, அவ்வளவுதான். நான் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் பேச்சை யார் கேட்பார்கள்? தோட்டம் முழுக்க அத்தை சொன்னதே உண்மையாகிப் போனது.

நீ சொன்னதை நான் நம்பினேன். அதனால்தான் பைத்தியமாகாமல் பிழைத்தேன். ஆனால் உன்னை நினைக்கும்போது முதலில் வருவது அது இல்லை. "எம் புள்ளைக்குத்தான்." அன்று கேட்டில் போலீஸ்காரன் கேட்டதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய இரண்டே வார்த்தை. மலாயில்கூட எனக்குத் தெரிந்திருந்தது.